விரல் வைக்கும் இடம்

சனிக்கிழமை பின்னேரங்களில் ஓர்ஸ் ஹில்லில் என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலைந்து பெண்கள் கூடிக் கதைப் புத்தகம் வாசிக்கிறோம். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு நான் தொடங்கிய வேலை இது. சட்டம் ஒன்றுதான். கதையைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அது எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வாயை மூட வேண்டும். இந்தக் கடைசி வசனத்தை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்வதில்லை, என் முகம் சொல்லிவிடும்.

அந்த முகத்துக்குப் பயப்படாதவர் அவர்களில் ஒருவர்தான். கிண்ணியாவில் தையல் கடை வைத்திருக்கிறார், என் வயதுதான் இருக்கும். ஒரு கதையில் கணவன் வீட்டுக்கு வரும் நேரம் மனைவி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குப் புருசனோட கோவம் டீச்சர்" என்றார்.

"எந்த வரியில இருக்கு?"

"நானும் கோவம் வந்தா அப்பிடித்தான் கூட்டுவன்."

"உங்கட முற்றத்தைப் பற்றி இதில எழுதேல்லை" என்றேன் கடுப்பாக. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அடுத்த கிழமையும் அதையே செய்தார்.

கட்டைபறிச்சானில் அப்பாவின் வீட்டில் என் தங்கை இருக்கிறாள். அவளோடு எனக்கு அப்போது மூன்று வருடமாகப் பேச்சில்லை. காரணம் ஒரு வரி. அப்பா காலமாகி முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடித்தோம். இறந்தவரைப் பற்றி வீட்டார் எழுதியதைச் சேர்த்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறிய புத்தகம் அது. தங்கை எழுதித் தந்த பக்கத்தில், 'அப்பா ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்பா என்னைப் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கணக்குப் பிழைத்தாலும் கத்துவார், கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாலும் கத்துவார். அச்சகத்துக்குக் கொடுக்க முன் அந்த வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அச்சான புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அதை ஏன் எடுத்தனீங்கள்?" என்றாள்.

"கல்வெட்டில பொய் எழுத ஏலாது" என்றேன். அதோடு அவள் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலையில் போனில் அவளுடைய செய்தி வந்தது. 'அக்கா, வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சு முடிஞ்சுது. உங்கட புத்தகப் பெட்டிகளைக் கறையான் பிடிக்காமல் மேசைக்கு மேல ஏத்தி வைச்சிருக்கு. அப்பாவின்ர கதிரைக்குப் புதுப் பின்னல் போட்டாச்சு. லீவு கிடைச்சால் வாங்கோ.'

படித்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெயின்ட் என்றால் வீடு தன்னுடையது. பெட்டி என்றால் வந்து தூக்கிக்கொண்டு போ. கதிரை என்றால் அப்பாவும் தனக்குத்தான். ஓய்வில் இருக்கிறவளுக்கு லீவு என்ன லீவு? வேண்டுமென்றே குத்துகிறாள். 'பெட்டிகளுக்கு லொறி அனுப்புகிறேன், இனி என்னைத் தேட வேண்டாம்' என்று பதில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

பின்னேரம் மற்றவர்கள் போன பிறகு தையல்காரரிடம் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு போனை மேசையில் வைத்தார்.

"பெட்டியத் தூக்கச் சொல்லி எந்த வரியில இருக்கு டீச்சர்? விரல வைங்க."

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் என் சட்டமல்லவா, விரலை வைத்தேன். வைத்தவுடன் செய்தி நிறம் மாறி, மேலே குப்பைத்தொட்டிப் படம் வந்தது. "ஐயோ, அழிச்சிராதீங்க!" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

தேடினோம். தூக்கச் சொல்லி இல்லை. வீடு தன்னுடையது என்றும் இல்லை. கடைசியில் அந்த லீவு மட்டும் மிஞ்சியது.

"இது குத்தல்தான்" என்றேன்.

"ஓம், குத்தலாத்தான் தெரியுது. ஆனா அதுக்குப் பக்கத்தில வாங்கோ எண்டு கிடக்கு. அத நீங்க வாசிக்கவே இல்லையே?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. இருந்தது நாலு வசனம். மூன்றில் இல்லாததை எல்லாம் கண்டுபிடித்தேன், நாலாவதில் இருந்த அழைப்பைத் தாண்டிப் போய்விட்டேன். ஒரு பிள்ளை பரீட்சையில் இப்படி விடை எழுதியிருந்தால் சைபர் போட்டிருப்பேன்.

திங்கட்கிழமை என் கல்வெட்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு மூதூர் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஓட்டோ பிடித்துப் போனேன். தங்கை வாசலில் நின்றாள். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"லீவு எண்டு வேணுமெண்டே எழுதினனீயோ?"

"ஓம், கோவத்திலதான். அதுக்காக வாங்கோ எண்டு எழுதாமல் விட ஏலுமே?"

பிறகு அலுமாரியைத் திறந்து தன்னுடைய கல்வெட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவளுடைய பக்கத்தின் ஓரத்தில் நீலப் பேனையால் எழுதியிருந்தது: 'அப்பா என்னோடு ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.'

"என்னோடு எண்டதைப் பிறகுதான் போட்டனான்" என்றாள். "உங்களோட கத்தினவர்தானே. அதை நான் யோசிக்காமல் எழுதிப்போட்டன்."

அப்பா என்னோடு கத்தியதை அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. நான் அழுதேன். ஒரு சொல் சேர்த்திருந்தால் அவளுடைய வரியும் நின்றிருக்கும், என் உண்மையும் நின்றிருக்கும். முப்பது வருடம் கட்டுரை திருத்தியவளுக்கு வெட்டத்தான் தெரிந்திருந்தது.

கைப்பையில் இருந்த என் கல்வெட்டை எடுத்துப் பேனை கேட்டேன். அவள் முகம் மாறியது.

"திருத்தப் போறீங்களோ?"

"இல்லை" என்றேன். "உன்ர வரியைப் பாத்து எழுதப் போறன்."