தூக்கினால் நிற்காத கலப்பை

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒரு டிராக்டர் இருந்தது. காடு, வீடு, மாட்டுக்கொட்டகை எல்லாவற்றையும் பாகம் பிரித்தாயிற்று. டிராக்டரை மட்டும் நடுவில் அறுக்க முடியவில்லை. சண்டைக்குக் காரணம், பூண்டுக் காட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயை யாரோ ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பிவிட்டது. யார் திருப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. மேல்மலைக் குளிரில் கோபம்கூடச் சீக்கிரம் கெட்டுப்போவதில்லை போலிருக்கிறது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் தூது போக ஆள் வேண்டுமே. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு லீவு நாள் முழுக்க இதே சோலி. "உங்க பெரியப்பாட்ட சொல்லு" என்று அப்பா ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் டிராக்டரின் லிப்ட்டு கெட்டுப்போனது. பின்னால் மாட்டியிருக்கும் கலப்பையை எண்ணெயின் அழுத்தத்தால் தூக்கிப் பிடிக்கிற ஹைட்ராலிக்கைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள். லீவரை இழுத்தால் கலப்பை எழும்பும். இஞ்சினை நிறுத்தினால் தூங்கிவிழுகிற கிழவன் தலை மாதிரி மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொடும். வண்டி ஓடும்போதும் எழும்பி எழும்பி இறங்கும். மேல்மலைப் பாதையில் கலப்பையை இழுத்துக்கொண்டே வண்டி ஓட்ட முடியுமா?

விற்றுவிடலாம் என்று முடிவானது. அதுவும் என் வழியாகத்தான். பெருமாள்மலையில் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான், லிப்ட்டு சரியாக வேலை செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்ப்பார். வண்டி போய்விட்டால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்றும் மிச்சமில்லை, தூதும் ஒழியும். நான் நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை.

வத்தலக்குண்டு மெக்கானிக்கிடம் போன் செய்தால், மலை ஏறி வர அவருக்கு நேரமில்லையாம், வண்டியைக் கீழே கொண்டுவரச் சொல்லிவிட்டார். ஆக, அண்ணன் தம்பி இருவருமே ரிப்பேர் வேலையில் இறங்கினார்கள். டிராக்டருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, இந்தப் பக்கம் அப்பா, நடுவில் மட்கார்டு மேல் நான்.

"எண்ணெய்ல தண்ணி கலந்திருக்கும்னு சொல்லு" என்றார் அப்பா. சொன்னேன்.

"உள்ள இருக்க ஓரிங் வளையம் தேஞ்சு கெடக்கு. எண்ணெயாம் எண்ணெய், மூளையில தண்ணி கலந்திருக்கும்னு சொல்லுத்தா" என்றார் பெரியப்பா. அதையும் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொல்வதில் எனக்கு ஒரு கௌரவம் இருந்தது. அப்பாவின் முகம் சிவந்தது. பெரியப்பா எட்டிப் பார்த்து, "மூளையையும் சேத்தா சொல்லிட்ட?" என்று என்னிடமே கோபித்துக்கொண்டார்.

முதலில் சோதனை. கலப்பையைத் தூக்கி, இஞ்சினை நிறுத்திவிட்டு, இருவரும் ஆளுக்கொரு பக்கம் குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலப்பை இறங்க இறங்க இருவர் முகமும் தொங்கிப்போனது. மேகம் இறங்கி எங்கள் மூன்று பேரையும் மூடியது. தொட்டுவிட்டதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துச் சொல்கிற வேலையும் என் தலையில் விழுந்தது.

எண்ணெயை வடித்தார்கள். டீக்கடை டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்தேதான் இருந்தது. அப்பா அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். புது எண்ணெய் ஊற்றியும் கலப்பை இறங்கியது. இப்போது பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தினார். ஓரிங் வாங்கப் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார்கள். கையகலப் பொட்டலத்தில் ஒரு ரப்பர் வளையம் மலை ஏறி வந்தது.

அதை மாட்ட வேண்டுமென்றால் சீட்டைக் கழற்றி, அதற்குக் கீழே இருக்கிற இரும்பு மேல்மூடியைத் தூக்க வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. இருவரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். அதற்கு யாராவது எண்ண வேண்டும். அண்ணன் எண்ணினால் தம்பி கேட்கமாட்டார், தம்பி எண்ணினால் அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல்.

"நீயே எண்ணு பிள்ள, வெரசா" என்றார் பெரியப்பா.

நான் மட்கார்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஒண்ணு. ரெண்டு." ஒரு சந்தேகம் வந்தது. "மூணு சொல்றப்பவே தூக்குவீங்களா, சொல்லி முடிச்சப்புறமா?"

பாதி தூக்கிய நிலையில் இருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மூணு" என்று கத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடி எழுந்தது. பழைய வளையம் விண்டு கிடந்தது. புதியதை மாட்டினார்கள். திரும்ப இறக்கும்போதுதான் அது நடந்தது. அப்பாவின் கை விளிம்பில் மாட்டப் பார்த்தது.

"ஏலே, கைய எடுறா! நசுங்கிரும்டா!" என்று பெரியப்பா அலறினார்.

"எடுத்துட்டேண்ணே!" என்றார் அப்பா.

மூடி தொம்மென்று உட்கார்ந்தது. இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். பெரியப்பாவின் கண் சக்கரத்தடியில் படுத்திருந்த நாய் மேல் விழுந்தது.

"நாயத்தான் சொன்னேன்னு உங்கப்பன்ட்ட சொல்லு."

"நாய்க்கு ஏது பெரியப்பா கை?" என்றேன்.

"நானும் நாய்க்குத்தான் பதில் சொன்னேன்னு சொல்லு" என்றார் அப்பா, எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் கலப்பையைத் தூக்கி, இஞ்சினை நிறுத்தினோம். இறங்கவில்லை. அந்தியில் போய்ப் பார்த்தோம், ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. நான் குதித்தேன். அவர்கள் இருவரும் பனியில் கருகிய கேரட் காட்டைப் பார்த்தவர்கள் போல நின்றார்கள். "விடியட்டும், வந்து பாத்துட்டு ஓட்டிட்டுப் போகட்டும்" என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் பெரியப்பா ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் வெள்ளனே அப்பா எழுந்து டிராக்டரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். கலப்பை தூக்கினது தூக்கினபடி நின்றது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு சின்னத் திருகை முழுக்கத் திருகி இறுக்கினார். லீவரைக் கீழே தள்ளினார். கலப்பை அசையவில்லை. எண்ணெய் வழி அடைபட்டுவிட்டது. தூக்கினால் நிற்காத கலப்பை இப்போது இறக்கினால் இறங்காத கலப்பை ஆயிற்று.

"உங்க பெரியப்பாட்ட சொல்லு, லிப்ட்டு மறுபடி கெட்டுப்போச்சாம்."

"நீங்கதானப்பா திருகுனீங்க?"

"சொன்னத மட்டும் போய்ச் சொல்லு."

ஒரு சொல் விடாமல் சொல்கிறவளாயிற்றே நான். திருகைத் திருகியது, லீவரைத் தள்ளியது எல்லாவற்றையும் பெரியப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டார். அவசரமாகச் சட்டையை மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த ஒரு திருகைத் திருப்பினால் போதும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பெருமாள்மலைக்காரர் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார். பெரியப்பா லீவரை ஆட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பெரிய ரிப்பேருங்க. மேல்மூடிய மறுபடி கழட்டணும். சாமான் கீழ இருந்து வரணும். உங்களுக்கு இது சரிப்படாதுங்க."

"அந்தத் திருகைத் திருப்புங்க பெரியப்பா!" என்று கத்தினேன். "சின்னப் பிள்ளைங்க" என்று அவர் ஜீப்காரரைப் பார்த்துச் சிரித்தார். ஜீப் போய்விட்டது.

அப்பா சீட்டின் ஒரு பக்க போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். பெரியப்பா மறுபக்க போல்ட்டைக் கழற்றினார். "உங்கப்பன்ட்ட சொல்லு, மெதுவா கழட்டச் சொல்லு, அவசரம் ஒண்ணும் இல்லன்னு" என்றார் பெரியப்பா.

நான் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, பெரியப்பாவுக்குக் காது கேட்காமல் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எட்டி டிராக்டர் பக்கம் பார்த்தாள். உலையில் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து போட்டாள். காது கேட்காததற்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.