நான் பேசாத நான்கு சந்திப்புகள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம். ஹைதராபாத்தின் புறநகரில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருச்சி, வீடு ஹப்சிகுடாவில்.

எங்கள் கல்லூரியில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் முதலாம் ஆண்டு மாணவர்கள் இருபது பேரைப் பொறுப்பாகக் கொடுப்பார்கள். மென்ட்டர் என்று பெயர். மாதம் ஒரு முறை ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசி, என்ன குறை என்று கேட்டு, அதற்கென உள்ள ஃபைலில் எழுத வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பு, லேப், விடைத்தாள் என்று நாள் ஓடிவிடும். ஆய்வுக் குழு வருகிறது என்று சுற்றறிக்கை வந்த பிறகுதான் எங்களுக்கு ஃபைல் ஞாபகமே வரும்.

அந்த வருடமும் அப்படித்தான். இருபது பேரையும் ஒரே நாளில் வரிசையில் நிறுத்தி, வெற்றுப் படிவங்களில் நான்கு நான்கு கையெழுத்து வாங்கினேன். பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பிறகு நானே உட்கார்ந்து நான்கு மாதத்துக்கும் தேதி போட்டு நிரப்பினேன். ஒரு மாதத்துக்கு நீலப் பேனா, அடுத்த மாதத்துக்குக் கறுப்புப் பேனா. ஒரே நாளில் எழுதியது தெரியக் கூடாதல்லவா? இந்தச் சாமர்த்தியத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். குழு வந்து பார்த்து, பாராட்டிவிட்டுப் போனது.

அடுத்த வாரம் ஒரு மதிய வேளையில் என் இருபது பேரில் ஒரு பெண் தன் அப்பாவோடு வந்து நின்றாள். படிப்பை நிறுத்திவிட்டு டி.சி. வாங்கப் போகிறார்களாம். படிவத்தில் மென்ட்டர் கையெழுத்து வேண்டும். அவள் முகம் எனக்குத் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. படிவத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா மேஜை மீதிருந்த என் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, “தமிழா மேடம்?” என்றார். லாலாகுடா ரயில்வே பணிமனையில் டெக்னீஷியன். அவருடைய தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்துவிட்ட குடும்பம். பதிவு எண்ணைச் சரிபார்க்க நான் ஃபைலைப் பிரித்தேன். அவர் எதிரே உட்கார்ந்தபடி, ஆங்கிலத்தில் இருந்த அதை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். ‘மாணவியிடம் பேசினேன். நன்றாகப் படிக்கிறார். குறை எதுவும் இல்லை.’ அதற்குக் கீழே இன்னும் மூன்று சந்திப்புகள்.

அவர் கண் கலங்கிவிட்டது.

“நாலு தடவ கூப்ட்டு பேசியிருக்கீங்க மேடம். ரொம்ப நன்றி. வீட்ல கேட்டா ‘நக்கோப்பா, ஒண்ணும் வேணாம், விடு’ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிடறா. எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லல. உங்க கிட்ட என்னதான் சொன்னா?”

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் கப்பலேறிவிடும். அவளோ தரையைப் பார்த்தபடி நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

“நான் பேசவே இல்லைங்க. ஒரு தடவைகூட. ஃபைலுக்காக எழுதினது,” என்றேன்.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “கைக்கு மேடம்?” என்று மட்டும் கேட்டார். ‘ஏன்’ என்பதற்கு ஹைதராபாத்காரர்களின் சொல் அது. பிறகு எழுந்தார். “இப்ப பேசறீங்களா? நான் வெளிய நிக்கறேன்.”

அவள் தமிழ் புரிந்துகொள்வாள், தெலுங்கில்தான் பதில் சொல்வாள். முதலில் அழுதாள். பிறகு சொன்னாள். கடைசிக் கட்டக் கவுன்சலிங்கில் சீட் கிடைத்து அவள் வந்து சேர்ந்தபோது வகுப்பு தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. கணக்கில் அடிப்படையெல்லாம் முடிந்துவிட்டது. நடத்துவது எதுவும் புரியவில்லை. மற்ற எல்லோருக்கும் புரிகிறது, தனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டாள். முதல் தேர்வில் வெற்றுத்தாளைக் கொடுத்தாள். பிறகு வகுப்புக்குப் போகாமல் நூலகத்தில் உட்கார ஆரம்பித்தாள்.

“யாரிடமாவது கேட்டாயா?” என்றேன்.

ஒருவரிடம் கேட்டாளாம். வேதியியல் மேடத்திடம். விட்டுப்போன பாடத்துக்கு என்ன செய்வது என்று. “அதெல்லாம் முடிஞ்சுபோச்சு, ஃப்ரெண்ட்ஸ் கிட்ட வாங்கிக்கோ,” என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேனாம். அவளுக்கு அங்கே ஃப்ரெண்ட்ஸ் என்று யாருமே இல்லை. எனக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன்.

வெளியே போய் அந்த அப்பாவிடம் பருவத் தேர்வு வரை அவகாசம் கேட்டேன். மகள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். கணக்கு நடத்தும் சக ஆசிரியை மதிய உணவு நேரத்தை விட்டுக்கொடுத்தார். ஐந்து வாரப் பாடத்தை நாங்கள் இருவருமாக நடத்தி முடித்தோம். அவளுக்கு விட்டுப்போயிருந்தது அவ்வளவுதான். அப்படியும் கணக்கில் தோற்றாள். அடுத்த முறை எழுதித் தேறினாள். இப்போது இறுதி ஆண்டு படிக்கிறாள்.

இப்போதெல்லாம் தாமதமாகச் சேருகிறவர்களை முதல் நாளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிவிடுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு முந்தைய வருடம் என் பொறுப்பில் இருந்த இரண்டு பேர் இதே போல் பாதியில் நின்றார்கள். ஃபைலைப் பிரிக்காமலேயே அவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கூட வந்த பெற்றோர் எதுவும் கேட்கவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மிஞ்சினாள் என்று நான் நிம்மதிப்படும்போதெல்லாம், கேட்டிருந்தால் அந்த இருவரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.