காகிதத்தில் சிறுத்த கால்

1958 ஜூலை 12, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு, வழக்கம்போல், பெரியப்பாவின் இடது காலுக்கு வெந்நீர் வைத்தோம். ஆறேகாலுக்குப் பெரியம்மா முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பத்து நிமிடம் பாதம் தண்ணீரில் இருந்தது. பிறகு துடைத்து, விரல் இடுக்குகளைத் தனித்துணியால் ஒற்றி, இடுக்குகளைத் தவிர மற்ற இடங்களில் எண்ணெய் தடவினோம். சனிக்கிழமை என்பதால் நகமும் வெட்டினாள், வளைக்காமல் நேராக. அதன் பிறகு என் வேலை: பாதத்தை வரைவது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மேலகரத்தில், குற்றாலம் போகும் சாலையை ஒட்டிய அவர்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா சீசன் காலத்தில் தினமும் அருவிக்கு நடந்தே போய்க் குளித்துவிட்டு நடந்தே திரும்புகிறவர். பங்குனிக் கடைசியில் அவருடைய இடது பாதத்து மூட்டுகள் வாதத்தால் வீங்கிக்கொண்டன. தென்காசியிலிருந்து வந்த டாக்டர், வீக்கம் வடியும்வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார். வாரம் ஒருமுறை பாதத்தின் சுற்றளவைக் காகிதத்தில் வரைந்து வைத்தால் வீக்கம் கூடுவதும் குறைவதும் தெரியும், வடிந்ததும் ஆள் அனுப்புங்கள் என்றும் சொன்னார். என் கை நேர்த்தியானது என்று அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

பெரியம்மா அந்த உத்தரவை அணுவளவும் மீறவில்லை. கால் இலவம்பஞ்சுத் தலையணையை விட்டு இறங்கவே இல்லை. வரையும்போதுகூடப் பலகையை அவள்தான் தூக்கிப் பாதத்தோடு அணைத்துப் பிடிப்பாள். வரைந்த காகிதங்களைத் தேதி வரிசையில் ஜன்னலோரக் கொடியில் மாட்டுவேன். சாரல் காற்று அடித்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் தட்டும். டப், டப், டப் என்று, அறைக்குள் யாரோ நடப்பதுபோல.

“ஏட்டி, பேப்பர்ல உள்ள காலுவ நல்லா நடக்கு. எனக்குள்ளதுதான் சொகமாப் படுத்துக் கெடக்கு” என்பார் பெரியப்பா.

இனி என் குற்றம். நான்காவது வாரம் வீக்கம் கொஞ்சம் கூடியிருந்தது. பெரியம்மா அன்று சாப்பிடவில்லை. அதனால் ஐந்தாவது வாரம் பென்சிலை உட்புறமாகச் சாய்த்துப் பிடித்தேன். கோடு பாதத்துக்கு அடியில் ஓடியது. காகிதத்தில் கால் ஒரு நெல் அகலம் சிறுத்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆறாவது வாரம் பயந்துபோய்ப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்தேன். கால் சிறுத்துத்தான் வந்தது. ஏழாவது வாரமும். எட்டாவது வாரமும். நான் ஏமாற்றவில்லை, ஆனால் நான் போட்ட கோட்டைப் பிடித்துக்கொண்டு கால் தானாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

தினமும் அதைத் துடைக்கிறவள் நான். வெந்நீரிலிருந்து எடுத்த சிறிது நேரத்திலேயே அது குளிர்ந்துவிடும். கையில் தாங்கினால் முந்தைய வாரத்தைவிட இலேசாக இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

“பாத்தியளா, இன்னும் வடியுது. முழுசா வடியட்டும், அதுக்குப் பொறவு எறங்கலாம்” என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியம்மா சொன்னாள்.

“இப்படியே வடிஞ்சா ஒன் கொலுசு எங் காலுக்குச் சரியாயிரும் போலுக்கே” என்பார் பெரியப்பா.

ஜூலை 12 அன்று வரைந்தது பதினான்காவது காகிதம். அதை முதல் காகிதத்தின்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தகப்பன் சட்டைக்குள் பிள்ளை நிற்பதுபோல, பெரிய பாதத்துக்குள் சின்னப் பாதம் நின்றது. இன்னும் சில வாரங்களில் காகிதத்தில் ஒன்றுமே இருக்காது, தலையணை மேலும் இருக்காது என்று தோன்றியது. கோட்டை அழித்தேன். “சரியா விழல” என்று பெரியம்மாவை மறுபடி பலகை பிடிக்கச் சொல்லி, இந்த முறை பென்சிலை வெளிப்புறமாக நன்றாகச் சாய்த்து வரைந்தேன். பெரிதாகப் போட்டால் கால் திரும்பி வந்துவிடும் என்பது என் எண்ணம்.

காகிதத்தைப் பார்த்த பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, திரும்பவும் வீங்கிட்டே!” அன்று முழுவதும் வாசலிலேயே நின்றாள். மாலை ஐந்து மணிக்கு, தோளில் துண்டோடு அருவிக் குளியலுக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டரின் வண்டியை மறித்து உள்ளே அழைத்து வந்தாள்.

டாக்டர் காகிதத்தைப் பாதத்தோடு ஒட்டிப் பிடித்தார்.

“இதை வரைஞ்சது யாரு? கோட்டுக்கும் காலுக்கும் நடுவுல எறும்பு ஊர்வலமே போவும் போலுக்கே.”

நான் அழுதேன். “நாந்தான் காலைச் சின்னதாக்கிட்டேன்” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு கொடியில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. பெரியப்பாவின் வேட்டியை முழங்கால்வரை ஒதுக்கி, பூக்கட்ட வைத்திருந்த வாழைநாரை எடுத்து வலது கெண்டைக்காலைச் சுற்றி முடிச்சிட்டார். அதே வளையத்தை இடது காலில் மாட்டினார். அது வழுக்கிக் கணுக்காலில் போய் விழுந்தது.

சாரல் அடித்தது. காகிதங்கள் சுவரில் நடந்தன.

“ஆச்சி, வீக்கம் வடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. அதுக்குப் பொறவு வடிஞ்சதெல்லாம் சதை. இன்னும் ஒரு மாசம் இப்படியே வச்சிருந்தியன்னா இந்தக் காலு ஆளைத் தாங்காது.”

“நீங்கதான ஊன்றப்படாதுன்னு சொன்னிய?”

“வீக்கம் வடியுத மட்டுக்கும்னுல்லா சொன்னேன். நாளைக்கே எறக்குங்க. முதல்ல நிக்கட்டும், பொறவு ரெண்டு எட்டு. அண்ணாச்சி நடந்துருவாக.”

அவர் போன பிறகு பெரியம்மா கொடியிலிருந்த காகிதங்களை எல்லாம் எடுத்து, விளிம்புகளைச் சரிபார்த்து மடித்தாள். அன்றும் அவள் சாப்பிடவில்லை. என்னைத் திட்டாததால், என்மேல் உள்ள கோபம் அவ்வளவு பெரிது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காலைக் கரைத்தது என் பென்சில்தான் என்று பல வருடங்கள் நம்பினேன். அதே வீட்டில், என்னிடமிருந்து நான்கு முழத்தில் படுத்திருந்த இன்னொருத்தி, அதைக் கரைத்தது தன் இரண்டு கைகள்தான் என்று நினைத்துக் கிடந்தாள் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆறு மணிக்கு வெந்நீர் வைக்கவில்லை. முதல் வேலையாகப் பெரியம்மா தலையணையை எடுத்துப் பரணில் போட்டாள். இடது பக்கம் அவளும் வலது பக்கம் நானும் தோள் கொடுக்க, பெரியப்பாவின் பாதம் மெதுவாகத் தரையைத் தொட்டது.

“தரை குளுந்து கெடக்குட்டி” என்றார்.