கோல் கம்பத்தடியில் ஒரு பூசணிக்காய்

விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த பாண்டுரங்கனின் சோடாக் கடையில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சுதான். ஜங்ஷன் பிரண்ட்ஸ் கால்பந்து டீமுக்குக் கோலியை, அதாவது கோல்கீப்பர் பையனை, பழக்க ஓர் ஆள் வேண்டுமென்று தேடிய செயலாளர் கிருஷ்ணசாமி, கடைசியில் சவுரிராயன் பெயரைச் சொல்லிவிட்டார். கடையில் கூடுகிறவர்களில் பாதிப் பேர் பந்தைக் காலால் தொட்டதே இல்லை. ஆனால் கோலிக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கட்சி. சோடா நன்றாக விற்றது.

சவுரிராயன் ரயில்வே லோகோ ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி அள்ளுகிறவர். கோலியனூர்ப் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பம். ஐம்பதுகளில் அவர் கோலில் நின்றால், எதிர் டீம்காரன் பந்தை உதைக்கும் முன்பே சலித்துக்கொள்வான். அப்பேர்ப்பட்ட மனிதரை ஐம்பத்தொன்பதாம் வருஷத்து பைனல் கவிழ்த்துவிட்டது. திண்டிவனம் டீம் விழுப்புரத்துக்கே வந்து ஆடியது. லேசான தூறல். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் வேகமே இல்லாத ஒரு சோனிப் பந்து உருண்டு வந்தது. எட்டி எடுக்கப் போன சவுரிராயன் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தார். பந்து அவரைக் கடந்து மெதுவாக உள்ளே போனது. கோப்பை திண்டிவனத்துக்கு பஸ் ஏறியது.

அன்றிலிருந்து அவர் பெயர் ‘வழுக்கல் சவுரி’. சந்தைக்குப் போனாலும் வழுக்கல், மாதா கோயிலுக்குப் போனாலும் வழுக்கல். மனிதர் மைதானத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஊர் வாய்க்கு ஒரு பூட்டு இருந்தால் யாராவது வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

அந்த வருஷங்களில் அவருக்காக வாய் திறந்தவர் பாண்டுரங்கன் ஒருவர்தான். “அந்த எடத்துல நின்னிருந்தா தெரியும்டா ஒனக்கு” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சண்டை பிடிப்பார். சவுரிராயன் ஷெட்டிலிருந்து கரி முகத்தோடு வந்தால், கூப்பிட்டு உட்கார வைத்து சோடா உடைத்துக் கொடுப்பார். ஊரில் அவரை உட்காரச் சொன்ன கடை அது ஒன்றுதான்.

ஆனால் சவுரிராயனுக்கு ஒரு விஷயம் தெரியும். பைனல் அன்று அவர் வழுக்கியது சேற்றில் இல்லை. இடைவேளையில் பாண்டுரங்கன் கற்பூரம் ஏற்றிய பூசணிக்காயால் சவுரிராயனுக்கு மூன்று சுற்று சுற்றி, கோல் கம்பத்தடியிலேயே போட்டு உடைத்திருந்தார். கண்ணேறு கழிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் சில்லுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு ஓடினார். ஒதுங்காத ஒரு சில்லு புல்லுக்குள் கிடந்தது. சவுரிராயன் கால் வைத்தது அதன்மேல்தான். மறுநாள் நிக்கரைத் துவைத்த மனைவி இருதயமேரி, பின்பக்கத்தில் ஒட்டியிருந்த பூசணி விதைகளை எடுத்துக் காட்டினாள். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

இப்போது டீம் கூப்பிட்டதும் மனிதருக்கு உயிர் வந்தது. மறுபடியும் மைதானத்தில் தலை நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் ரசிகர்கள் முரண்டு பிடித்தார்கள். “நீங்களே பேசி முடிச்சிட்டு வாங்கப்பா” என்று கிருஷ்ணசாமி நழுவிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சோடாக் கடை முன்னால் கூட்டம்.

“ஒரு வார்த்த சொல்லிடு. ஒம்மேல தப்பில்லன்னு ஊருக்குத் தெரியட்டும்” என்று சொல்லி அனுப்பினாள் இருதயமேரி.

ஜவுளிக் கடை வேங்கடேசன்தான் எதிர்க்கட்சித் தலைவர். மெட்ராஸ் லீக்கில் ஆடிய ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி.

“நிக்கத் தெரியாதவன் இன்னாத்தக் கத்துக்குடுப்பான்? பையனும் வழுக்கி வுழுவக் கத்துக்குவான்” என்றார். கூட்டம் சிரித்தது.

“ஒரு நாளு வுழுந்தான். மத்த நாளெல்லாம் புடிச்சானே, அத்த யாருய்யா கணக்குல வெச்சிக்கினு இருக்கீங்க?” என்று பாண்டுரங்கன் எகிறினார்.

“சர்தான். ஆளு இங்கதான நிக்கிறாரு. அவரே சொல்லட்டும். அன்னிக்கி ஏன் வழுக்குச்சி?” என்றார் வேங்கடேசன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சவுரிராயனுக்கு வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது. பூசணிக்காய் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இத்தனை வருஷத்து அவமானமும் அவரை விட்டுப் போய்விடும். போய் நேராகப் பாண்டுரங்கன் தலையில் உட்காரும். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இவருக்காக அடிதடிக்கே தயாராக நின்றார்.

“கவனம் தப்பிடுச்சிங்க. ஏந் தப்புதான்” என்றார் சவுரிராயன்.

கூட்டம் அடங்கியது. சாக்குச் சொல்வார் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். பாண்டுரங்கன் அந்த நேரத்தை விடவில்லை. “இந்த சீசன் பாரு. சரியா வர்லன்னா, என்னையுஞ் சேத்து வழுக்கல்னு கூப்டு” என்றார். வேங்கடேசன் மீதி சோடாவைக் குடித்துவிட்டு, “சரி, ஒரு சீசன் பாப்போம்” என்றார்.

முதல் ஆட்டமே திண்டிவனத்தில். பாண்டுரங்கன் ஒரு பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். இடைவேளையில் கற்பூரத்தை ஏற்றி, புதுக் கோலிக்குச் சுற்றிவிட்டு, கம்பத்தடியில் உடைக்கக் கையை ஓங்கினார். சவுரிராயன் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க வேணாம்ணே. ரோட்டாண்ட ஒடச்சிடலாம், வா.”

“ஏன்டா? எப்பவும் கோலாண்டதான ஒடைக்கிறேன். அந்த பைனல் அன்னிக்கிக் கூட...”

பாண்டுரங்கன் நிறுத்தினார். கையிலிருந்த காயைப் பார்த்தார். பிறகு கம்பத்தடிப் புல்லைப் பார்த்தார். கற்பூரம் எரிந்து அணைந்தது.

“டேய் சவுரி. இதுலயாடா வழுக்கின?”

சவுரிராயன் அவர் கையிலிருந்த காயை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“நீ ஏன்டா சொல்லல? ஊரே ஒன்னத் திட்டிச்சே. அன்னிக்கிக் கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே” என்றார் பாண்டுரங்கன்.

“எனக்குக் கண்ணு பட்டுடும்னு பயந்தது இந்த ஊர்ல நீ ஒருத்தன்தாண்ணே” என்றார் சவுரிராயன். “அத்தப் போயி எப்பிடிண்ணே தப்புன்னு சொல்றது?”

இருவரும் சாலைக்குப் போனார்கள். பூசணிக்காயை இந்த முறை சவுரிராயன்தான் உடைத்தார். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். பாண்டுரங்கன் நகரவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து, சில்லுகளையும் விதைகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கித் துண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.