ஜமீர் வாங்கிய புது டிஸ்க்

பூந்தமல்லி வட்டாரத்தில் பார்வையற்றவர்கள் யாருக்குக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் முதலில் கூப்பிடுவது ஜமீரைத்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். குமணன்சாவடியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் ஹெட்போனும் கையுமாகத்தான் இருப்பான். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை அவன் ஓடவிடும் வேகத்தில், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தகரத்தில் கடுகு கொட்டுவது போலத்தான் கேட்கும். அரசுத் தேர்வு எழுதும் பார்வையற்றவர்களுக்காகப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து, பல வருஷங்களாக கம்ப்யூட்டரில் செருகும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தான். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் எந்தச் சந்தேகம் வந்தாலும் "ஜமீர் பாயைக் கேளு" என்பார்கள். அதைக் கேட்க அவனுக்கு இனிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

ஒரே ஒரு வேலையை மட்டும் அவன் தொட்டதில்லை. புது டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்துத் துடைத்து, பகுதிகளாகப் பிரித்து, ஃபார்மட் செய்யும் வேலை. "அது கண்ணு கீறவன் வேலைப்பா. ஒரு தட்டு தப்பாப் போச்சுன்னா எல்லாம் பூடும்" என்று சொல்லிவிட்டு, மனைவி தஸ்லீமின் தம்பி பைசலை வரவழைப்பான். ஜமீரே சொல்லிவிட்டான் என்பதால் குழுவில் வேறு யாரும் முயன்றுகூடப் பார்க்கவில்லை.

நாகவல்லி அந்தக் குழுவுக்கு வந்தது போன வருஷம்தான். கணவனுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கண் அழுத்த நோயில் நாற்பது வயதுக்கு மேல் பார்வையை இழந்தவள். ஸ்கிரீன் ரீடரின் அரிச்சுவடியையே ஜமீரிடம் போனில் கேட்டுத்தான் படித்தாள். அப்போதெல்லாம் அவனுக்கு அவள்மேல் பரிவுதான்.

ஒருநாள் குழுவில் அவளுடைய குரல் பதிவு வந்தது.

"புது டிஸ்க்கை நானே பிரிச்சு ஃபார்மட் பண்ணிட்டேன். மவுஸே வேண்டாம். கட்டளையா டைப் பண்ணினாப் போதும், ஸ்கிரீன் ரீடர் வரிவரியா வாசிச்சுச் சொல்லிருது. யாருக்கும் வேணும்னா கேளுங்க."

தொடர்ந்து கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள். வாழ்த்துகள் வந்து குவிந்தன. ஜமீர் ஒரு சொல் அனுப்பவில்லை.

"இன்னாங்க, சோறு ஆறிப் போவுது" என்றாள் தஸ்லீம்.

"நாப்பது வருசம் கண்ணால பாத்தவங்க அவங்க. ஸ்கிரீன்ல எது எங்க கீதுன்னு மனசுல பதிஞ்சிருக்கும். அதான் வருது."

"யாருக்கு?"

"யாருக்குமில்ல. ரசம் ஊத்து."

அந்தச் சமாதானம் அவனுக்கே ஒட்டவில்லை. கட்டளையைத் தட்டெழுத எதற்குக் கண்? நேற்று வந்தவளுக்குத் தோன்றியது தனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அடுத்த வாரம் திருமுல்லைவாயிலிலிருந்து ஜெகதீசன் பேசினான். குழுவில் இல்லாதவன், எதற்கெடுத்தாலும் ஜமீரைக் கூப்பிடுகிறவன். "பாய், நாகவல்லி அக்கா நம்பர் கீதா உங்கிட்ட?" என்றான். "இல்லியே" என்று சொல்லிவிட்டான் ஜமீர். சொன்ன பொய்யைவிட, அவன் கேட்டதுதான் அதிகம் வலித்தது.

இதற்கிடையில் பாடங்கள் இருந்த டிஸ்க் நிறைந்துவிட்டது. ஜமீர் அதே அளவில் இன்னொன்று வாங்கினான். பைசலைக் கூப்பிடட்டுமா என்று தஸ்லீம் கேட்டாள், வாணாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, பழையது புதியது இரண்டையும் செருகிவிட்டு உட்கார்ந்தான். நாகவல்லியின் பதிவை அதற்குள் பலமுறை கேட்டு மனப்பாடமே செய்திருந்தான்.

ஸ்கிரீன் ரீடர் பட்டியலைப் படித்தது. கம்ப்யூட்டருக்குள் இருப்பது டிஸ்க் பூஜ்யம். அடுத்து டிஸ்க் ஒன்று, டிஸ்க் இரண்டு. இரண்டும் ஒரே அளவு. புதியதிலும் கம்பெனியே ஏதோ பகுதி போட்டு அனுப்பியிருந்ததால் காலி இடத்தை வைத்தும் அடையாளம் தெரியவில்லை. முதலில் செருகியது புதியதைத்தான் என்று நினைவு. அதனால் ‘டிஸ்க் ஒன்று’ என்பதைத் தேர்ந்தெடுத்தான். துடைக்கும் கட்டளையையும் தட்டிவிட்டான். என்டர் மட்டும் பாக்கி. தட்டினால் மறுகேள்வி கிடையாது.

விரல் இறங்கவில்லை. அவளிடம் கேட்பதைவிடக் குருட்டாம்போக்கில் தட்டிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பாடங்களுக்காகக் காத்திருக்கும் முகந்தெரியாத பிள்ளைகளை நினைத்துக் கையை எடுத்தான். போனை எடுத்தான்.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ரெண்டு டிஸ்க்கும் ஒரே சைஸா இருந்தா நீங்க எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"



"கண்டுபிடிக்கவே மாட்டேன் பாய். பழசைக் கழத்தி வச்சிட்டுத்தான் தொடங்குவேன். ஒண்ணுதான் இருக்குன்னா தப்புப் பண்ண வழியில்லைல்லா?" பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்: "என்டர் தட்டிரலியே?"

"இல்ல."

"நல்லவேளை. மெதுவாக் கழத்துங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கட்டளையை அழித்துவிட்டுப் பழைய டிஸ்க்கைக் கழற்றினான். மறுபடி பட்டியல் கேட்டான். பூஜ்யம், இரண்டு. அவன் துடைக்க இருந்த ‘டிஸ்க் ஒன்று’ பட்டியலில் இல்லை; பாடங்கள் இருந்த பழையதே அதுதான்.  அதன்பின் அவள் சொல்லச் சொல்ல இவன் தட்டினான். துடைத்து, இரண்டாகப் பிரித்து, ஃபார்மட் முடிந்தபோது நன்றி சொன்னான். அது முனகலாகத்தான் வந்தது.

இனிக் குழுவில் எல்லோரும் சிரிப்பார்கள் என்று அன்று மாலை முழுவதும் வெந்துகொண்டிருந்தான். அவள் பதிவு வரத்தான் செய்தது.

"போன தடவை ஒண்ணு சொல்ல விட்டுட்டேன், தப்பு எம்மேலதான். தொடங்குமுன்ன பழைய டிஸ்க்கைக் கழத்தி வச்சிருங்க."

ஜமீர் என்ற பெயரே அதில் இல்லை. மனம் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. டிஸ்க் வேலைதான் போகட்டும். பெருந்தன்மையிலும் இவள் என்னைத் தாண்டிப் போக வேண்டுமா என்று கூடுதலாகத்தான் எரிந்தது.

"டிஸ்க்கு வேலை முடிஞ்சுதா? நீங்களேவா பண்ணீங்க?" என்று கேட்டாள் தஸ்லீம்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன், "ஆவடியில ஒரு அம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றான். பெயர் மட்டும் வாயில் வரவில்லை.

இப்போதும் நாகவல்லி எதைப் பதிவிட்டாலும் முதலில் கேட்பது ஜமீர்தான். கடுகு கொட்டும் வேகத்தில் அல்ல, நிதானமாக, கடைசிவரை. பதில் மட்டும் போடமாட்டான்.