கார் இல்லாத ஜிவ்கா வாங்கிய மூலை வீடு

ஜிவ்கா அக்கா எங்கள் தையல் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அவளைச் சுற்றி எப்போதும் நீராவி நிற்கும். அதற்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு, மடித்த சட்டையை என் மேஜையில் வைத்துவிட்டு மறையும். நான் பித்தான் தைக்கிறேன். பல வருஷம் அப்படியே அருகருகே இருந்தோம். இரண்டு பேருக்குமே பேச்சு சுலபமாக வராது.

டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர் ரூஸே. அக்கா துறைமுகத்துக்கு மேலே, சரிவில், ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. யாராவது கேட்டால், "என்னை எவனாவது கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்" என்பாள்.

நாங்கள் டிராலிபஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பெரிய பள்ளம் தோண்டினார்கள். குடியிருப்பு வரப் போகிறது என்று பலகை வைத்தார்கள். அன்றைக்கே ஜிவ்கா அக்கா வெறும் வானத்தில் ஓரிடத்தைக் காட்டினாள்.

"அங்கே பாரு. நாலாவது மாடி, மூலை. அங்கேயிருந்து டான்யூப் தெரியும்."

"அங்கே காக்காதான்க்கா இருக்கு."

"இப்போ காக்கா இருக்கட்டும். அப்புறம் நான் வர்றேன்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் கட்டடம் எழும்ப எழும்ப அவள் அந்த வீட்டில் வாழவே தொடங்கிவிட்டாள். காலையில் இஸ்திரிப் பெட்டி சூடாகும்வரை மெதுவாகச் சொல்வாள். "நேத்து சமையலறைச் சுவருக்கு மஞ்சள் அடிச்சேன்." மறுவாரம், "மஞ்சள் ஒத்து வரலை, மாத்திட்டேன்." ஒருநாள் கண் சிவந்து வந்தாள். ராத்திரி ஆற்றில் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தனவாம், ஜன்னலை விட்டு வர மனசில்லையாம். அந்த ஜன்னலுக்கு அப்போது கண்ணாடிகூட வைத்திருக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு நான் பித்தானை மாற்றித் தைத்துவிட்டேன்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு அவள் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரர் அதை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். பனி விழுவதற்குள் காலி செய்ய வேண்டும். கிராமத்தில் அவள் அண்ணன் அப்பாவின் திராட்சைத் தோட்டத்தை விற்று அவள் பங்கைக் கொடுத்திருந்தார். சேமிப்பையும் சேர்த்தால் மூலை வீட்டின் விலைக்குச் சரியாகப் போதும், அதற்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. என்னைத் துணைக்கு வரச் சொன்னாள். பேசத் தெரியாதவள் இன்னொரு பேசத் தெரியாதவளைத் துணைக்குக் கூப்பிட்டாள். போனேன்.

கட்டுகிறவர் பெயர் க்ரூமோவ். கட்டடத்தின் காலடியில் ஒரு தகரப் பெட்டிதான் அவருடைய அலுவலகம். காகிதக் கூம்பிலிருந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

"மூலை வீடா? நல்ல கண்ணுக்கா உங்களுக்கு. ஆனா அதோட கீழ்த்தளத்துல கார் நிறுத்துற இடமும் சேர்த்துத்தான் வாங்கணும்."

"எனக்குக் கார் இல்லையே."

"வாங்கிடுவீங்க."

"ஓட்டத் தெரியாது."

"கத்துக்குவீங்க. எங்க மாமியார் அறுபது வயசுல கத்துக்கிட்டாங்க. அப்புறம் எங்க தெருவுல ஒரு பூனைகூடக் கிடையாது."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. மடியில் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இடம் இல்லாம, வீடு மட்டும்..."

"அக்கா, இடத்தைத் தனியா எவனும் வாங்க மாட்டேங்கிறான். தெருவுல சும்மா நிறுத்திட்டுப் போறான். அப்போ அதை நான் யார் தலையில கட்டுறது? பின்பக்கம் ரெண்டாவது மாடி ஒண்ணு இருக்கு. இடம் எடுக்க வேண்டாம். விலையும் கம்மி."

"அந்த ஜன்னல்ல என்ன தெரியும்?"

"பக்கத்துக் கட்டடத்துக்காரங்க தெரிவாங்க. நல்ல மனுஷங்க."

அவர் விதையைத் துப்பிவிட்டு மணியைப் பார்த்தார்.

"சனிக்கிழமை ஒரு டாக்டர் மூலை வீட்டைப் பார்க்க வர்றார். அவருக்கு ரெண்டு கார். இன்னைக்கே சொல்லிடுங்க."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மனசுக்குள் அந்த மூலை வீட்டிலிருந்து ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்து வைக்கிறாள் என்று தோன்றியது. பின்பக்க வீட்டுக்குச் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள்.

அப்போதுதான் மேஸ்திரி வல்கோ ஏதோ சாவி கேட்டு உள்ளே வந்தார். மீசை முழுக்கச் சுண்ணாம்பு. அக்காவின் நீலக் கோட்டைப் பார்த்தார், பிறகு முகத்தை. சிலுவை போட்டுக்கொண்டு கதவிலேயே சாய்ந்துவிட்டார்.

"ஏம்மா... நீங்க உயிரோடவா இருக்கீங்க?"

"என்ன வல்கோ அண்ணே, காலையிலேயே ஊத்திக்கிட்டீங்களா?" என்றார் க்ரூமோவ்.

ஆனால் மேஸ்திரி தெளிவாகத்தான் இருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் ஊறி ஊறி மண் சரிந்துகொண்டே இருந்ததாம். ஆட்கள் இறங்கப் பயந்தார்களாம். கான்கிரீட் ஊற்ற இருந்த அன்று சாயங்காலம், நீலக் கோட்டு போட்ட ஒருத்தி வேலியருகே வந்து நின்றாள். அவள் நிழல் நீளமாகப் பள்ளத்துக்குள் விழுந்தது. அவர் அதைக் கயிற்றால் அளந்தார். அந்தக் கயிற்றை அஸ்திவாரத்தில் போட்டு மேலே கான்கிரீட்டை ஊற்றிவிட்டார்.

எங்கள் பக்கத்துப் பழைய மேஸ்திரிகள் அஸ்திவாரத்துக்கு ஒரு சேவலைப் பலி கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சேவல் போதாது என்று நினைக்கிறவர்தான் இப்படி ஒருவருடைய நிழலை அளந்து புதைப்பார். நிழலுக்கு உரியவர் நாற்பது நாளில் போய்ச் சேர்ந்துவிடுவார், ஆவி கட்டடத்தைக் காவல் காத்துக்கொண்டு நிற்கும் என்பது நம்பிக்கை.

"நாப்பது நாள் கழிச்சு வந்து பார்த்தேன். பஸ் நிறுத்தத்துல உங்களைக் காணோம்."

"அண்ணன் ஊருல திராட்சை பறிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் அக்கா.

"அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லம்மா. ஞாயித்துக்கிழமையானா கோயில்ல கீழ்த்தட்டுல உங்களுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றேன்."

மேல்தட்டு மெழுகுவத்தி உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு.

"என் பேர் தெரியாம எப்படி வேண்டிக்கிட்டீங்க?"

"நீலக் கோட்டுக்காரின்னு சொன்னேன். ஆண்டவருக்குத் தெரியாதா என்ன?"

அக்கா என் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் இஸ்திரி மேஜையருகே நின்று கப்பல்களைப் பற்றிச் சொல்லும்போது வரும் அந்தத் தூரத்துப் பார்வைதான் அவள் கண்ணில் இருந்தது.

"எந்த இடத்துல போட்டீங்க?"

"கீழ்த்தளத்துல. ஆத்தைப் பார்த்த மூலையில."

க்ரூமோவ் தன்னையறியாமல் சுவரில் இருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூலை வீட்டுக்கு என்று பென்சிலால் குறித்திருந்த கார் இடம் அதுதான்.

"அப்போ ரெண்டு வருஷமா நான் அங்கேதான் இருக்கேன்" என்றாள் அக்கா, தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு க்ரூமோவைப் பார்த்தாள். "கேக்காம கொள்ளாம என்னைக் கொண்டுபோய் அங்கே வெச்சுட்டீங்க. இப்போ அந்த இடத்துக்கு என்கிட்டயே காசு கேக்குறீங்களே?"

க்ரூமோவ் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"அவங்க சொல்றதுல தப்பில்ல முதலாளி."

"நீங்க யார் பக்கம் அண்ணே?"

மேஸ்திரி தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"நீங்க கவலைப்படாதீங்க. இதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த டாக்டர்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவள் மனதாரத்தான் சொன்னாள். சத்தியம் செய்வேன். அவளுக்கு மிரட்டத் தெரியாது. ஆனால் க்ரூமோவ் கையில் இருந்த விதை வாய்க்குப் போகவில்லை. அக்காவை முதல் தடவையாக நன்றாக ஏறிட்டுப் பார்த்தார்.

"வீட்டு விலை மட்டும் கொடுங்க" என்றார் கடைசியில். "இடம் அப்படியே கிடக்கட்டும். ஆனா உள்கதவு வேணும், தரைக்கு ஓடு வேணும்னு நாளைக்கு வந்து நிக்கக் கூடாது. சிமெண்ட் தரை, பூசின சுவர், அவ்வளவுதான்."

"நிக்க மாட்டேன்."

"அக்கா, வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன் உங்களை."

வெளியே வந்தோம். ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிக் கட்டடத்தின் கீழ் மாடிகளைக் கரைத்திருந்தது. நாலாவது மாடி மட்டும் எதன் மேலும் நிற்காமல் மிதந்தது. பின்னாலேயே மேஸ்திரி ஓடி வந்தார்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை ஆள் இருக்காது. அந்த மூலையைக் கொஞ்சமா உடைச்சு, கயித்தை எடுத்துக் கொடுத்துடறேன். என் மனசு ஆறும்."

அக்கா மேலே பார்த்தபடியே தலையாட்டி மறுத்தாள்.

"வேண்டாம்ணே. கட்டடம் நல்லா நிக்குதுல்ல? நான் குடி வரப்போற கட்டடம். எதையும் அசைக்காதீங்க."

முதல் பனிக்கு முன்னால் குடி போனாள். உள்கதவுகளுக்குப் பதிலாகத் தையல் கூடத்தில் மிஞ்சிய துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்துத் தொங்கவிட்டேன். சமையலறைக்கு இன்னும் வண்ணம் முடிவாகவில்லை.