சண்முகசுந்தரம் கட்டிய கோழிக்கூண்டு

ஆவடி ஃபேக்டரியில் சண்முகசுந்தரம் வெல்டர். நானும் அவரும் ஒரே பட்டறையில் வேலை. அவர் பற்றவைத்தால் யானை மிதித்தாலும் பிரியாது. அந்தக் கைதான் அவருக்கு வினையானது.

எண்பத்தேழில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநின்றவூர் ஏரிப் பக்கம் சொந்த வீட்டுக்குப் போனார். குவார்ட்டர்ஸில் அவர் மனைவி தாயம்மாளுக்குப் பேச்சுத்துணைக்குப் பஞ்சமே இல்லை. புது இடத்திலோ சுற்றிலும் காலி மனை. பிள்ளைகளும் இல்லை. மனுஷர் காலையில் ரயிலேறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்.

"நாட்டுக் கோழி ரெண்டு வாங்கியாங்க. அடைகாத்துக் குஞ்சு பொரிச்சா, காலைச் சுத்திச் சுத்தி வந்துகினு இருக்கும். எனக்கும் பொழுது போவும்" என்றாள்.

சொன்னதை அப்படியே செய்தால் இவருக்குத் தூக்கம் வராதே! நாட்டுக் கோழி கொஞ்சம்தான் முட்டையிடும், அடைக்கு உட்கார்ந்தால் அதுவும் நின்றுபோகும் என்று வெள்ளை லெகான் கோழிகளாகப் பார்த்து வாங்கினார். அதுகள் முட்டையாக இட்டுத் தள்ளின. அடைக்கு மட்டும் உட்காரவேயில்லை. இருந்தும் தாயம்மாள் அதுகளோடு பழகிவிட்டாள். கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்தபடியே ஊர்க்கதையெல்லாம் சொல்வாளாம்.

கூண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் கீரிப்பிள்ளைத் தொல்லை. கம்பி வலை அடித்தால் போதும் என்றாள் அவள். இவர் கேட்டால்தானே? நாலு பக்கமும் இரும்புத் தகடு, மேலேயும் தகடு, காற்றுக்கு விரல்கூட நுழையாத ஓட்டைகள்.

அடுத்த வருஷம் கத்திரி வெயிலில், பூந்தமல்லியில் ஒரு கல்யாணம்.

"தொறந்து உட்டுட்டுப் போலாங்க, வெயில் கொளுத்துது" என்றாள் தாயம்மாள்.

"கீரி வந்தா இன்னா பண்ணுவே?" என்று தாழ்ப்பாளைப் போட்டார்.

சாயங்காலம் திரும்பியபோதும் தகடு கையைச் சுட்டது. உள்ளே ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் மனுஷருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கெங்கோ அலைந்து, குஞ்சுகளோடு ஒரு நாட்டுக் கோழியைக் கூடையில் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். ஒரு குஞ்சை உள்ளங்கையில் எடுத்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைக் கூடைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"வாங்கின எடத்துலயே குடுத்துடுங்க. இதுக்கும் நீங்க ஒரு கூண்டு கட்டுவீங்க."